காகிதத்தில் 25,000 பேர். மொசூல் ஐந்து நாளில் விழுந்தது எப்படி?

வைகைக்கரை (கேள்வி):

2014 ஜூன் 6-ம் தேதி ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) ஆட்கள் வட ஈராக்கின் மொசூல் நகரத்தின் மேற்கு ஓரத்தில் நுழைந்தார்கள். ஜூன் 10 காலை நகரமே அவர்கள் கையில். வந்தவர்கள் தொடக்கத்தில் 1,500 பேர் வரைதான் என்கிறார்கள். ராணுவமும் கூட்டாட்சிப் போலீஸும் சேர்த்து அரசுக் கணக்கில் இருந்தவர்களோ 25,000 பேர். 2003-லிருந்து 2011 வரை ஈராக்கியப் படைகளை உருவாக்க அமெரிக்கா செலவழித்தது சுமார் 2,500 கோடி டாலர்.

தமிழில் இதைத் தேடினால் இரண்டே விளக்கம்தான் சிக்குகிறது. ஒன்று, ஐஎஸ்ஸை உருவாக்கியதே அமெரிக்கா, எல்லாம் சதி. இன்னொன்று, அது மதவெறி, அந்தப் பக்கம் எப்போதும் அப்படித்தான். இரண்டுமே நம்பும்படி இல்லை. எந்த உத்தரவு, எந்தப் பணம், யார் கை வழியாகப் போய் இப்படி முடிந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று: ஊழல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அது ஆயுதம் தூக்கிய ஒரு கூட்டத்துக்கு நடைமுறையில் எப்படிப் பயன்படுகிறது?

கிழக்குவாசல்:

சதி என்றால் ஒரு திட்டமாவது இருக்க வேண்டும். 2003 மே மாதம் பாக்தாத்தில் இருந்த அமெரிக்க நிர்வாகத்திடம் அடுத்த மாதத்துக்கான திட்டமே கிடையாது. இருந்தது அந்த நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் ஒரே வாரத்தில் வெளியிட்ட இரண்டு உத்தரவுகள்.

மே 16, உத்தரவு எண் 1. சதாம் உசேனின் ஆளுங்கட்சியான பாத் கட்சியின் மேல் நான்கு படிகளில் இருந்தவர்களுக்கு இனி அரசு வேலை இல்லை. இது மட்டும் என்றால்கூடத் தாங்கியிருக்கும். கூடவே இன்னொரு பிரிவு இருந்தது: அமைச்சகம், பல்கலைக்கழகம், மருத்துவமனை என எந்த அரசு நிறுவனமானாலும் அதன் மேல் மூன்று நிர்வாக அடுக்குகளில் இருப்பவர் கட்சியின் முழு உறுப்பினர் என்றால் அவரும் வெளியே போக வேண்டும். சதாம் காலத்தில் கட்சியில் சேராமல் தலைமையாசிரியராகவோ தலைமைப் பொறியாளராகவோ ஆவது அபூர்வம். கொள்கைக்காகச் சேர்ந்தவரையும் பதவி உயர்வுக்காகச் சேர்ந்தவரையும் அந்த உத்தரவு பிரித்துப் பார்க்கவில்லை. அதைச் செயல்படுத்தும் ஆணையம் பிறகு அகமது சலாபியின் கைக்குப் போனது. அவர் நாடு கடந்து வாழ்ந்து, படையெடுப்போடு திரும்பிய அரசியல்வாதி. அதற்குப்பின் பட்டியலில் யார் பெயர் ஏறும், யார் பெயர் இறங்கும் என்பதே ஒரு வியாபாரமாகிவிட்டது.

மே 23, உத்தரவு எண் 2. ராணுவம், குடியரசுக் காவல்படை, பாதுகாப்பு அமைச்சகம், உளவு அமைப்புகள் எல்லாம் கலைக்கப்பட்டன. ராணுவத்தில் மட்டும் சுமார் 3,85,000 பேர். கர்னலும் அதற்கு மேலும் இருந்தவர்கள் எல்லோரும் மூத்த கட்சிக்காரர்களாகவே கருதப்படுவார்கள், அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவரவர் பாடு, அதுவரை பணிநீக்கத் தொகையும் கிடையாது. பிரெமருக்கு முன்பு பொறுப்பில் இருந்த ஜே கார்னர் நினைத்திருந்தது இதற்கு நேர்மாறு. கலைந்து வீட்டுக்குப் போன சிப்பாய்களைத் திரும்பக் கூப்பிட்டு, சம்பளம் போட்டு, புனரமைப்பு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

இதில் எது எங்கே கெட்டது என்று பாருங்கள். வேலை போனவர்களில் கணிசமானோருக்குப் படை நடத்தத் தெரியும். ஆயுதக் கிடங்கு எங்கே என்று தெரியும். அந்தக் கிடங்குகளுக்குக் காவல் இல்லை. பாக்தாத்துக்குத் தெற்கே அல்-கக்கா என்ற ஒரே இடத்திலிருந்து முந்நூறு டன்னுக்கு மேல் உயர்ரக வெடிமருந்து காணாமல் போனது. ஜூன் 18-ம் தேதி சம்பளம் கேட்டு அமெரிக்கத் தலைமையகத்தின் வாசலில் கூடிய முன்னாள் சிப்பாய்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் செத்தார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் உதவித்தொகை அறிவிப்பே வந்தது. தேதியைக் கவனியுங்கள்: கலைப்புக்கும் உதவித்தொகைக்கும் நடுவில் ஒரு மாதம். சாலையோரக் குண்டுகள் பெருகத் தொடங்கியதும் அந்தக் கோடையில்தான்.

அடுத்தது ஆட்சியைப் பங்குபோட்ட விதம். ஜூலை 13-ல் 25 பேர் கொண்ட ஆளும் குழு: ஷியா 13, சுன்னி அரபு 5, குர்து 5, துர்க்மேன் 1, கிறிஸ்தவர் 1. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் அமைச்சகங்களையும் அதே விகிதத்தில் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, ஒவ்வொரு அமைச்சகமும் அந்தக் கட்சியின் கஜானாவாகிவிட்டது. வேலை வேண்டுமா, ஒப்பந்தம் வேண்டுமா, கட்சிக் கடிதம் கொண்டு வா. ஈராக்கியர்கள் இதை முஹாஸஸா என்பார்கள். இன்றுவரை தொடர்கிறது.

பணம் வந்த முறையையும் சொல்ல வேண்டும். 2003 மே முதல் 2004 ஜூன் வரை சுமார் 1,200 கோடி டாலர் ரொக்கமாக, கட்டுக் கட்டாக, மரப் பலகைகளில் அடுக்கி ராணுவ விமானத்தில் இறங்கியது. எடை 363 டன். பெரும்பகுதி ஈராக்கின் சொந்த எண்ணெய்ப் பணமும் முடக்கி வைத்திருந்த சொத்தும். அப்படி ஈராக் அமைச்சகங்களுக்குக் கொடுக்கப்பட்டதில் 880 கோடி டாலருக்கு முறையான கணக்கு இல்லை என்று 2005 ஜனவரியில் அமெரிக்கத் தணிக்கையாளரே எழுதினார். மொத்தமும் திருடப்பட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு திருடப்பட்டது என்று எவராலும் சொல்ல முடியாத நிலை என்று அர்த்தம். புதிய அரசின் முதல் வருடமே இந்தப் பழக்கத்தில் ஓடியது.

கடைசியாகச் சிறை. தெற்கே உம் கஸ்ர் பக்கத்தில் புக்கா முகாம். 2007 வாக்கில் அங்கே மட்டும் 20,000 பேரைத் தாண்டியது. சோதனையில் சிக்கிய கடைக்காரனும் கொலைகாரனும் ஒரே கூடாரம். பின்னாளில் ஐஎஸ் தலைவரான அபு பக்கர் அல்-பக்தாதி 2004 பிப்ரவரியில் ஃபலூஜாவில் பிடிபட்டு, பெரிய ஆள் இல்லை என்று டிசம்பரில் விடப்பட்டவர். அந்த இயக்கத்தின் உளவு அமைப்பை வரைந்து கொடுத்த ஹாஜி பக்ர், சதாமின் விமான எதிர்ப்புப் படையில் உளவுப் பிரிவு கர்னல். உத்தரவு எண் 2-ல் வேலை போனவர். அமெரிக்கச் சிறைகளிலும் இருந்தவர். 2014 ஜனவரியில் சிரியாவில் அவர் கொல்லப்பட்ட பிறகு கிடைத்த தாள்களில் இருந்தது பெரும்பாலும் நிர்வாக வரைபடங்கள்: எந்த ஊரில் யார் யாரைக் கண்காணிப்பது, எந்தக் குடும்பத்துக்கு என்ன பலவீனம். வேதாந்தம் அதில் குறைவு.

பற்றுவரவு:

கிழக்குவாசல் 2003-ஐச் சொல்லிவிட்டார். 25,000 என்ற எண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

ஈராக் ராணுவத்தில் சாதாரண சிப்பாயின் சம்பளம் அப்போது மாதம் 600 டாலர் அளவில். பணம் ரொக்கமாக வரும். பட்டியலை எழுதுபவர் பட்டாலியன் தளபதி, தலை எண்ணுபவர் அவரே, பட்டுவாடா செய்பவரும் அவருக்குக் கீழே உள்ளவரே. மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது ஆள் இல்லாச் சம்பளம் இரண்டு வழியில் உண்டாகும். முதல் வகை, உயிரோடு இருக்கும் சிப்பாய். அவர் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், டாக்ஸி ஓட்டலாம், கடை வைக்கலாம். சம்பளத்தில் பாதியைத் தளபதியிடம் விட்டுவிட வேண்டும். இரண்டாம் வகை, செத்தவர், ஓடிப்போனவர், பிறக்கவே பிறக்காதவர். இவர்களின் சம்பளம் முழுசாகத் தளபதிக்கு. விண்வெளி ஆட்கள் என்று ஊர் மக்கள் இவர்களுக்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

கணக்குப் போடுங்கள். 500 பேர் பட்டாலியனில் 200 பேர் முதல் வகை என்றால் தளபதிக்கு மாதம் 60,000 டாலர். இது முழுக்க அவருக்குத் தங்காது. அந்தப் பதவிக்கே அவர் மேலே பணம் கட்டித்தான் வந்திருப்பார், மாதாமாதம் பிரிகேடுக்கும் டிவிஷனுக்கும் பங்கு போக வேண்டும். ஆகவே பட்டியலைச் சுருக்கினால் மேலே இருப்பவருக்கும் நஷ்டம். சாப்பாட்டுப் பணமும் எரிபொருளும்கூடத் தலைக்கணக்கில் வருவதால், உண்மையைச் சொல்லும் அதிகாரிக்கு மூன்று இடத்தில் வெட்டு விழும். தணிக்கைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் ஒரு நாளைக்கு எல்லோரையும் வரவழைத்து நிறுத்துவது பெரிய காரியமில்லை.

சாதாரண நாளில் இது வெறும் திருட்டு. சண்டை நாளில்தான் வேறு மாதிரி ஆகிறது. பாக்தாத்தில் இருப்பவர் வரைபடத்தைப் பார்த்து, இந்தப் பிரிகேட் இன்ன இடத்தை இரண்டு நாள் தாங்கும் என்று முடிவு செய்கிறார். மொசூல் நடவடிக்கைத் தளபதியாக இருந்த மஹ்தி அல்-கர்ராவி பிறகு சொன்ன கணக்குப்படி, மேற்குப் பக்கம் காக்க வேண்டிய ஒரு பிரிகேட் காகிதத்தில் 2,500 பேர், கையில் 500 அளவு. நகரம் முழுக்கச் சேர்த்தாலும் 10,000 பேர்கூடத் தேறவில்லை என்பது அவர் வாதம். அவர் தன் கழுத்தைக் காத்துக்கொள்ளத்தான் இதைச் சொன்னார் என்றாலும் மற்ற சாட்சிகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. அந்த வருட ஜனவரியில் ஃபலூஜா கைவிட்டுப் போனதால் மொசூலின் கவச வண்டிகளையும் ஃபலூஜா இருக்கும் மேற்கு மாகாணமான அன்பாருக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஜூன் 9 மாலை, மொசூல் ஹோட்டல் அருகே வெடிமருந்து நிரப்பிய தண்ணீர் லாரி வெடித்தது. அன்றிரவு, பாக்தாத்திலிருந்து வந்து தங்கியிருந்த இரண்டு மூத்த ஜெனரல்கள், அலி கைதானும் அப்பூத் கன்பரும், வண்டி வரிசையோடு திக்ரிஸ் ஆற்றைக் கடந்து கிழக்கே போனார்கள். பார்த்த சிப்பாய்களுக்கு வேறு உத்தரவு தேவைப்படவில்லை. சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். இதைக் கோழைத்தனம் என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பக்கத்துச் சாவடியில் ஆளே இல்லை என்று அந்தச் சிப்பாய்க்கு நன்றாகத் தெரியும். பக்கத்துச் சாவடியின் சம்பளம் யார் பைக்குப் போகிறது என்பதும் தெரியும்.

2014 நவம்பர் 30-ல் புதிய பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் சொன்னார்: நான்கு டிவிஷன்களில் மட்டும் 50,000 போலிப் பெயர்கள் கிடைத்தன. 600 டாலர் கணக்கில் மாதம் 3 கோடி, வருடத்துக்கு 36 கோடி டாலர். மொசூலில் விட்டு வந்த ஹம்வீ என்ற அமெரிக்க ராணுவ வண்டிகள் மட்டும் 2,300 என்றும் அவரே 2015-ல் சொன்னார். அவை ஐஎஸ்ஸின் கவச வண்டிகளாகவும் தற்கொலைக் குண்டு வண்டிகளாகவும் மாறின.

ஒரு பக்கக் கதை, ஆனால் விடக்கூடாதது. ஏடிஇ 651 என்று ஒரு வெடிகுண்டு கண்டுபிடிப்பான். பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் ஆடும் ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். பேட்டரிகூடக் கிடையாது. பிடித்திருப்பவரின் கை லேசாகச் சாய்ந்தால் ஆன்டெனா சாயும். காணாமல் போன கோல்ஃப் பந்தைத் தேடித் தரும் என்று 20 டாலருக்கு விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து வந்தது இது. ஈராக் அரசு ஆயிரக்கணக்கில் வாங்கி, சுமார் 8.5 கோடி டாலர் கொடுத்தது. விற்ற பிரிட்டிஷ்காரர் ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013 மே மாதம் லண்டனில் 10 வருட சிறை. பாக்தாத்தில் வாங்கிய அதிகாரிக்கும் லஞ்ச வழக்கில் தண்டனை. இவ்வளவுக்குப் பிறகும் சோதனைச் சாவடிகளில் அந்தக் குச்சியை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2016 ஜூலை 3-ல் பாக்தாத்தின் கர்ராதா பகுதியில் குண்டு வெடித்து 300-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது.

நினேவே வாசகன்:

மேலே இருவரும் அரசுப் பக்கத்தைச் சொன்னார்கள். சுன்னிகள் பெரும்பான்மையான மொசூலில் ஊர்க்காரன் ஏன் ஐஎஸ்ஸைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஏன் ஜன்னலை மூடிக்கொண்டான் என்பது தனிக்கதை. அதற்கு 2010-லிருந்து வர வேண்டும்.

2010 மார்ச் 7 தேர்தலில், சுன்னிகள் பெருமளவு ஆதரித்த அயாத் அல்லாவியின் கூட்டணிக்கு 91 இடம், அப்போதைய பிரதமர், ஷியாவான நூரி அல்-மாலிகியின் கூட்டணிக்கு 89. சுன்னி மாவட்டங்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுப் போட்ட தேர்தல் அது. ஆட்சி அமைக்க அழைக்கப்பட வேண்டிய பெரிய கூட்டணி என்பது தேர்தலுக்குப் பின் சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. எட்டு மாத பேரத்துக்குப் பின் மாலிகியே பிரதமர். பாதுகாப்பு, உள்துறை இரண்டும் அவர் பிடியில். வாஷிங்டனும் தெஹ்ரானும் அவரையே ஏற்றுக்கொண்டன. இரண்டும் ஒத்துப்போன விஷயங்கள் அந்த நாட்டில் அதிகமில்லை, இது ஒன்று.

2011 டிசம்பர் 18-ல் கடைசி அமெரிக்கப் படை வெளியேறியது. மறுநாளே துணைக் குடியரசுத் தலைவர் தாரிக் அல்-ஹாஷிமிமீது கைது ஆணை. 2012 டிசம்பரில் நிதியமைச்சர் ரஃபி அல்-இசாவியின் காவலர்கள் கைது. அன்பாரில் போராட்டப் பந்தல்கள் எழுந்தன. 2013 ஏப்ரல் 23-ல் ஹவிஜா பந்தலில் ராணுவம் புகுந்தது; நாற்பதுக்கும் மேற்பட்டோர் பலி. டிசம்பர் 30-ல் ரமாதி பந்தல் கலைப்பு. அடுத்த சில நாளில் ஃபலூஜா போனது.

இந்தப் பெரிய செய்திகளுக்குக் கீழே தினசரி நடந்தது இதுதான். 2005 பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு. பெயர் வெளியிடாத ஒரு உளவாளி சொன்னால் போதும், கைது. சொன்னவர் பங்காளிச் சண்டையில் சொன்னாரா, கடன் தகராறில் சொன்னாரா என்று கேட்க வழியில்லை. பிடித்த ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பணம். பார்க்கப் பணம். அடிக்காமல் இருக்கப் பணம். நீதிபதி விடுதலை என்று எழுதிய பிறகும் அந்தத் தாள் சிறை வாசலுக்கு வந்து சேரப் பணம். கைது என்பது வருமானமாகிவிட்டால் குற்றவாளியைப் பிடிப்பதைவிட, கட்டக்கூடிய குடும்பத்தைப் பிடிப்பதில் லாபம் அதிகம். உண்மையான ஐஎஸ்காரன் காசு கொடுத்து வெளியே வந்துவிடுவான், அமைப்பு கட்டும். பள்ளி வாத்தியார் உள்ளே கிடப்பார். உள்ளே இருப்பவர்களை மீட்போம் என்று ஐஎஸ் ஒரு வருடம் பிரசாரம் செய்து, 2013 ஜூலை 21 இரவு அபு கரைப், தாஜி சிறைகளைத் தாக்கியது. அபு கரைபிலிருந்து 500-க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள்.

மொசூலில் 2014-க்கு முன்பே பகலில் அரசு, இரவில் அவர்கள். மருந்துக்கடை, ஒப்பந்ததாரர், லாரி, கைபேசி கோபுரம், நிலப் பதிவு என எல்லாவற்றிலும் மாமூல் வாங்கினார்கள், மாதத்துக்குப் பல மில்லியன் டாலர். இதில் கவனிக்க வேண்டியது, அரசு ஒப்பந்தத்தின் மதிப்பு அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அலுவலகத்துக்குள் இருந்தே தாள் போகும். ஆகவே புனரமைப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கே போனது. நகரம் விழுந்த பிறகும் பாக்தாத் அங்குள்ள அரசு ஊழியர்களுக்கு 2015 நடுப்பகுதி வரை சம்பளம் அனுப்பியது. அதிலும் ஐஎஸ் வரி பிடித்துக்கொண்டது. ஊழியரைப் பட்டினி போட முடியாது என்பதும் நியாயம்தான், இதற்கு நல்ல விடை கிடையாது.

வைகைக்கரை:

நன்றி, மூன்று பதிலையும் சேமித்துவிட்டேன். ஒரு சந்தேகம். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஊழலும் அந்நியத் தலையீடும் இருந்தாலே தீவிரவாதம் வந்துவிடும் என்று ஆகிறதே? அப்படியானால் ஊழல் உள்ள பாதி உலகத்தில் ஏன் வரவில்லை?

மறுபக்கம்:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேலே சொன்ன தகவல்களில் தவறு இல்லை, ஆனால் மூன்று இடங்களில் தராசு ஒரு பக்கமாகவே நிற்கிறது.

ஒன்று, தெற்கே ஷியாக்கள் பெரும்பான்மையான பஸ்ரா. எண்ணெயில் பெரும்பகுதி அங்கேதான். குழாயில் உப்புத் தண்ணீர், மின்வெட்டு, வேலையில்லாத இளைஞர்கள், அதே கட்சிகளின் அதே கொள்ளை. 2018-ல் தண்ணீருக்காக எரிந்தது, 2019 அக்டோபரில் பாக்தாத் முதல் நாசிரியா வரை தெருவுக்கு வந்தார்கள். அறுநூறு பேர் அளவில் சுட்டுக் கொல்லப்பட்டும் அந்தப் போராட்டம் பெரும்பாலும் கொடியும் கோஷமுமாகவே இருந்தது. ஷியா இளைஞன் ஷியா கட்சிகளை எதிர்த்து நின்றான். ஆகவே ஊழல் கோபத்தை உண்டாக்கும். அது எந்தக் கால்வாயில் பாயும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு: ஆட்சியில் தனக்குப் பங்கே இல்லை என்ற நிலை, கையில் ஆயுதம், ஏற்கெனவே தயாராக நிற்கும் ஒரு அமைப்பு. சுன்னி மாவட்டங்களில் மூன்றும் சேர்ந்தன.

இரண்டு, அந்த அமைப்பு. ஐஎஸ்ஸின் முன்னோடி அமைப்பை நடத்திய ஜோர்டான்காரர் சர்காவியின் ஆட்கள் 2003 ஆகஸ்ட் 19-ல் பாக்தாத்தில் ஐநா அலுவலகத்தைத் தகர்த்து 22 பேரைக் கொன்றார்கள். பத்து நாளில் நஜஃபில் இமாம் அலி மசூதி வாசலில் குண்டு. வேலையிழந்த கர்னலின் கோபம் ஐநாவையும் யாத்திரிகர்களையும் குறிவைக்காது. ஷியாக்களைக் கொன்று உள்நாட்டுப் போரை மூட்ட வேண்டும் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்த திட்டம், 2006 பிப்ரவரியில் சமாராவில் ஷியா புனிதத் தலம் தகர்க்கப்பட்டபோது அது பலித்தது. கர்னல்கள் திறமையைக் கொடுத்தார்கள், யாரைக் கொல்வது என்பதைக் கொள்கை சொன்னது. 2014-ல் ஸ்பைக்கர் முகாமில் 1,700 பேர் வரை ஷியா பயிற்சி வீரர்களைப் பிரித்தெடுத்துச் சுட்டதையும், சிஞ்சாரில் யசீதி என்ற மதச் சிறுபான்மையினருக்கு நடந்த படுகொலையையும் சம்பளப் பட்டியலை வைத்து விளக்க முடியாது. சிரியப் போர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இவர்களுக்குப் பின்வாங்க இடமே இருந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, ஊழல் 2003-ல் விமானத்தில் வந்து இறங்கவில்லை. 1990 ஆகஸ்டில் தொடங்கிய பொருளாதாரத் தடை 13 வருடம் நீடித்தது. தினார் மதிப்பிழந்து ஆசிரியர் சம்பளம் மாதத்துக்குச் சில டாலராகச் சுருங்கியபோதே லஞ்சம் பிழைப்பாகிவிட்டது. தடைக் காலத்தில் எண்ணெயை விற்று உணவும் மருந்தும் வாங்க ஐநா அனுமதித்த 'எண்ணெய்க்கு உணவு'த் திட்டத்தில் சதாம் அரசு வாங்கிய கமிஷன் சுமார் 180 கோடி டாலர் என்று 2005-ல் ஐநா விசாரணை கண்டது. 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன, இந்திய நிறுவனங்களும் உண்டு. எல்லை கடத்தல்காரர்கள், போலிக் கம்பெனிகள், நாணய மாற்றுக் கடைகள் எல்லாம் அப்போது வளர்ந்தவையே. 2003-க்குப் பின் முதலாளி மாறினார். தடையும் அந்நியத் தலையீடுதானே என்பீர்கள். ஆம், அதனால்தான் கதையை 2003-ல் தொடங்கக்கூடாது என்கிறேன்.

இன்னொன்று, சஹ்வா என்ற சுன்னிப் பழங்குடிப் படையை யாரும் தொடவில்லை. 2006 செப்டம்பரில் அன்பார் பழங்குடித் தலைவர்கள் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பினார்கள். அல்-காய்தா அவர்களின் கடத்தல் பாதைகளைப் பிடுங்கியது, தலைவர்களைக் கொன்றது, அதுவும் ஒரு காரணம். அமெரிக்கர்கள் ஆளுக்கு மாதம் சுமார் 300 டாலர் கொடுத்தார்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் சேர்ந்தார்கள், அவர்களில் பலர் முந்தைய வருடம் அமெரிக்கரைச் சுட்டவர்கள். 2008 கடைசிக்குள் அல்-காய்தா நகரங்களிலிருந்து பெருமளவு விரட்டப்பட்டது. 2008 அக்டோபர் முதல் சம்பளப் பொறுப்பு படிப்படியாக மாலிகி அரசுக்கு மாறியது. இருபது சதவீதம் பேரைப் படையில் சேர்ப்போம், மற்றவர்களுக்கு அரசு வேலை என்று வாக்குறுதி. 2010 நடுப்பகுதி வரை பாதிப் பேருக்குக்கூட வேலை கிடைக்கவில்லை, வந்த சம்பளமும் மாதக்கணக்கில் தாமதம், பழைய வழக்குகளைத் தூசிதட்டிக் கைதுகள் வேறு. அந்த இடைவெளியில் ஐஎஸ் முன்னோடிகள் சஹ்வா தலைவர்களை ஒவ்வொருவராகக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்களுக்குச் சம்பளமும் கூட்டித் தருகிறோம் என்றார்கள். இங்கே முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதாக இல்லை. 2009-ல் வேறு விதமாகவும் போயிருக்கலாம்.

பற்றுவரவு:

மறுபக்கம் சொன்ன பஸ்ரா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊழலைக் கோபத்துக்கான காரணமாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கோபமே இல்லாத இடத்திலும் ஊழல் எதிரிக்குச் சோறு போடும். ஆப்கானிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முகாம்களுக்குச் சாமான் கொண்டுபோக எட்டு நிறுவனங்களுக்கு 216 கோடி டாலர் மதிப்பில் லாரி ஒப்பந்தம். பாதுகாப்பும் ஒப்பந்ததாரர் பொறுப்பு. அவர் நெடுஞ்சாலையைப் பிடித்து வைத்திருக்கும் ஆயுதக் குழுத் தலைவருக்குப் பணம் கொடுத்தார். அந்தத் தலைவர் லாரியைச் சுடாமல் இருக்கத் தாலிபானுக்குப் பங்கு கொடுத்தார். 2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்து வெளியிட்டது. லாரி ஓட்டியவருக்கோ ஒப்பந்ததாரருக்கோ தாலிபான்மேல் அனுதாபம் தேவையே இல்லை, அந்தச் சாலையில் வண்டி ஓட வேறு வழியில்லை.

படைக் கணக்கும் அதே கதை. 2021-ல் காகிதத்தில் 3,00,000 பேர். அதில் பெரும்பகுதி இல்லவே இல்லை என்று முன்னாள் நிதியமைச்சர் காலித் பாயெண்டா பிறகு சொன்னார். சம்பளம் போட்டுவந்த காபூல் வங்கியே 2010-ல் சுமார் 90 கோடி டாலர் ஓட்டையோடு சரிந்தது. கடன் வாங்கியவர்கள் ஆட்சியில் இருந்தவர்களின் உறவும் நட்பும்.

ஈராக்கில் இல்லாத ஒன்று ஆப்கனில் இருந்தது. தாலிபான் நீதிமன்றம். நிலத் தகராறு அரசு நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுக்கும், இரு பக்கமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாலிபான் நீதிபதி மோட்டார் சைக்கிளில் வருவார், இரு தரப்பையும் கேட்பார், சில நாளில் தீர்ப்பு, மீறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அது நீதி என்று நான் சொல்லவில்லை, பெண்களுக்கு நிச்சயம் இல்லை. ஆனால் வயல் யாருடையது என்று அந்த வாரமே தெரிந்துவிடும்.

வைகைக்கரை:

கடைசிக் கேள்வி. 2017 ஜூலையில் மொசூலை மீட்டார்களே, அதற்குப் பிறகு ஈராக்கில் அந்தப் பட்டியல் கோளாறைச் சரிசெய்தார்களா?

நினேவே வாசகன்:

கொஞ்சம். கைரேகை பதிந்த அட்டை வழியாகச் சம்பளம் கொடுப்பது பரவியது, ரொக்கத்தைத் தளபதி கையில் கொடுப்பது குறைந்தது. ஆளே இல்லாத பெயரை ஏற்றுவது இதனால் கடினமாகிறது. வீட்டில் இருந்தபடி பாதியைக் கொடுப்பவரை அட்டை பிடிக்காது, ஏனென்றால் அவர் உண்மையான ஆள், உண்மையான கைரேகை. அவரைப் பிடிக்க வெளியிலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்து சாவடியில் தலை எண்ண வேண்டும்.

அதற்குள் பட்டியல் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஐஎஸ்ஸை எதிர்க்க 2014-ல் திரண்ட, பெரும்பாலும் ஷியா ஆயுதக் குழுக்களை 2016 நவம்பரில் சட்டம் போட்டு அரசுப் படையாக்கினார்கள். பட்ஜெட்டில் அவர்களுக்கு 1,22,000 இடங்கள் இருந்தன, 2023 பட்ஜெட்டில் 2,38,000. ஐஎஸ் நிலப்பரப்பை இழந்து ஐந்தாறு வருடம் கழித்து எண்ணிக்கை இரட்டிப்பு. யார் சேர்ந்தார்கள் என்பதைச் சொல்பவை பெரும்பாலும் அந்தந்தக் குழுக்களே. பெரிய குழுக்கள் பலவற்றுக்கு நாடாளுமன்றத்தில் கட்சி உண்டு, அந்தக் கட்சிகள்தான் பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடுகின்றன.